பனி இல்லாப் பெட்டியில் உறையும் பனி

‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ என்ற பெயரில் விற்கப்படும் குளிர்சாதனப் பெட்டிகளிலும் பனி உண்டு. கதவு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் உள்ளே நுழையும் காற்றின் ஈரம் பனியாகப் படிந்துகொண்டேதான் இருக்கிறது. பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியில் அது ஃபிரீசரின் சுவரில் கண்ணெதிரே படிந்தது. வீட்டில் உள்ளவர் தெர்மோஸ்டாட் திருகின் நடுவில் இருந்த பொத்தானை அவ்வப்போது அழுத்தி அதைக் கரைத்தார். புதிய பெட்டியில் அது ஃபிரீசரின் பின்பலகைக்குப் பின்னால், எவர் கண்ணிலும் படாத காயிலின் மீது படிகிறது. கரைக்கும் வேலையும் மனிதரின் கையிலிருந்து பொறியின் பொறுப்புக்கு மாறிவிட்டது. பெயர் சொல்வது பனியின் இன்மையை. நடந்திருப்பதோ பனியின் மறைவு. சொல்லாராய்ச்சி செய்பவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய பிழையாக இது தோன்றலாம். ஆனால் பெட்டி பழுதாகும் நாளில் வீட்டுக்காரரும், அழைப்பு மையத்தில் இருப்பவரும், சில வேளைகளில் மெக்கானிக்கும்கூட நோயை வேறிடத்தில் தேடுவதில் இந்தப் பெயருக்கும் பங்கு இருக்கிறது.

மறைந்த பனி கரையும் முறை எளியது. கம்ப்ரசர் குறிப்பிட்ட நேரம் ஓடிய பிறகு அது நிறுத்தப்படுகிறது. காயிலை ஒட்டியுள்ள ஹீட்டர் எரிகிறது. பனி உருகி, வடிகுழாய் வழியே கீழே கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, கம்ப்ரசரின் சூட்டிலேயே ஆவியாகிறது. எப்போது தொடங்குவது என்பதை முன்பு ஒரு சுழலும் டைமர் தீர்மானித்தது. இப்போது மின்னணு போர்டு தீர்மானிக்கிறது. எப்போது நிறுத்துவது என்பதே சிக்கலான கேள்வி. பனி முழுதும் கரையும் முன் நிறுத்தினால் எச்சம் தங்கும். கரைந்த பின்னும் தொடர்ந்தால் ஃபிரீசரில் உள்ள பொருள் இளகும். இதைத் தீர்மானிப்பதற்காகவே காயிலில் ஒரு சிறு சென்சார் செருகப்பட்டிருக்கிறது. அது தெர்மிஸ்டர் வகை: குளிர் கூடக் கூட அதன் மின்தடை ஏறும், வெப்பம் கூடக் கூட இறங்கும். காயிலின் வெப்பநிலை உறைநிலையைத் தாண்டிச் சுமார் 10 டிகிரி செல்சியஸை எட்டினால் பனி முடிந்துவிட்டது என்று போர்டு முடிவு செய்கிறது. பனியைப் போர்டு ஒருபோதும் ‘பார்ப்பதில்லை’. ஒரு மின்தடை எண்ணைப் படித்து, அதிலிருந்து ஒரு வெப்பநிலையை ஊகித்து, அதிலிருந்து பனியின் இன்மையை ஊகிக்கிறது. இரண்டு ஊகங்களும் இந்தச் சில நூறு ரூபாய்ச் சென்சாரின் மீதே நிற்கின்றன.

இந்தச் சென்சார் பொய் சொல்லத் தொடங்கும்போது என்ன நிகழ்கிறது, அது எவ்வாறு கண்டறியப்படுகிறது, அல்லது கண்டறியப்படாமலே போகிறது என்பது பொறியியலின் எல்லையைத் தாண்டிய விஷயம். இந்தியாவில் பழுது நீக்கும் தொழில் எப்படி ஊதியம் பெறுகிறது, அதன் அறிவு எங்கே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பது இந்தச் சிறு பொருளில் தெளிவாகத் தெரிகிறது.

முறையீட்டின் மொழியிலிருந்தே தொடங்கலாம். தில்லியானாலும் கொல்கத்தாவானாலும் கொச்சியானாலும் வாடிக்கையாளர் சொல்வது ‘கூலிங் இல்லை’ என்பதன் ஏதோ ஒரு வடிவம். அழைப்பு மையத்தின் பட்டியலிலும் அதே சொல்தான் இருக்கிறது. இந்த ஒரு தொடருக்குள் குறைந்தது நான்கு நோய்கள் அடங்கும்: கம்ப்ரசர் ஓடவில்லை, கம்ப்ரசர் ஓடியும் கேஸ் குறைந்துவிட்டது, காயில் குளிர்ந்தும் விசிறி சுழலவில்லை, எல்லாம் இயங்கியும் காயிலைப் பனி மூடிவிட்டதால் காற்று கடக்கவில்லை. தேர்ந்த மெக்கானிக் கேட்கும் முதற்கேள்வி ‘மேலேயா, கீழேயா?’ என்பது. ஃபிரீசரில் ஐஸ்கட்டி உறைகிறது, கீழே பால் திரிகிறது என்றால் கடைசி நோயே பெரும்பாலும் காரணம். விசிறி சுழல்கிறதா என்பதைக் காதால் கேட்டே உறுதி செய்துகொள்ளலாம். காயில் ஃபிரீசரை ஒட்டியே இருப்பதால் அது குளிர்ந்துகொண்டிருக்கும். கீழறைக்குச் செல்ல வேண்டிய காற்று மட்டும் பனிச்சுவரில் முட்டி நின்றுவிடும். பனி மேலும் வளரும்போது விசிறியின் இறக்கைகள் அதில் உரசி ஒலி எழுப்பும். இந்தத் தகவல்கள் அனைத்தும் வீட்டில் இருப்பவரிடம் ஏற்கெனவே உண்டு. கேட்கப்படாததால் சொல்லப்படுவதில்லை.

கேட்காமலே வரும் தீர்ப்பு ஒன்று நாடெங்கும் புழங்குகிறது. இந்தியில் ‘கேஸ் கதம் ஹோ கயா’. தமிழில் ‘கேஸ் போயிடுச்சு’. கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருளன்று. அது மூடிய குழாய்க்குள் சுற்றிவருவது. கசிவு இருந்தாலன்றிக் குறையாது. கேஸ் குறைந்த பெட்டியும் பனி அடைத்த பெட்டியும் வெளியிலிருந்து ஒன்றுபோல் தோன்றினாலும், பின்பலகையைக் கழற்றிய கணத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கேஸ் குறைவாயின் காயிலின் முதற்சில சுற்றுகளில் மட்டும் பனி இருக்கும், மீதி வெறுமையாக இருக்கும். கரைக்கும் அமைப்பு பழுதாயின் காயில் முழுவதும் ஒரே சீராகப் பனியால் மூடப்பட்டு, தகடுகளே தெரியாமல் வெண்பலகை போல நிற்கும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு திருப்புளி போதும்.

ஆயினும் கேஸ் தீர்ப்பு நீடித்து வாழ்கிறது. அது வாழ்வதற்குக் காரணம் அது ‘பலிப்பது’தான். கேஸ் நிரப்புவதற்காகப் பெட்டி பல மணி நேரம் நிறுத்தப்படுகிறது. கதவு திறந்தே கிடக்கிறது. அந்த இடைவேளையில் காயிலின் பனி முழுதும் தானே உருகிவிடுகிறது. மாலையில் மின்சாரம் கொடுத்தால் பெட்டி புதிதுபோல் குளிர்கிறது. பலித்தது கேஸ் அன்று, இடைவேளை. பத்து நாட்களில் பனி மீண்டும் அடைத்ததும் ‘லீக் இருக்கும் போல’ என்று இரண்டாம் தீர்ப்பு வருகிறது. போர்டை மாற்றினாலும் கதை இதுவே: பழைய போர்டைக் கழற்றி, பனியைச் சுடுநீரால் கரைத்து, புதிய போர்டைப் பொருத்தினால் பெட்டி குளிரத்தான் செய்யும். கெட்ட சென்சார் அப்படியே காயிலில் தொங்கிக்கொண்டிருக்கும். சிகிச்சைக்கு முன்னரே நோய்க்குறி தானாக மறைந்துவிடுவதால், எந்தச் சிகிச்சையும் வெற்றி பெற்றதாகவே தோன்றும் பழுது இது. ஆய்வு நெறிமுறை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்ல இதைவிடத் துல்லியமான பாடம் கிடைப்பது அரிது.

இந்த இடத்தில் வீட்டுக்காரரின் கைவைத்தியத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுதும் அணைத்து வைத்தால் சரியாகிவிடுகிறது என்பதைப் பல வீடுகள் தாமே கண்டுபிடித்திருக்கின்றன. அது உண்மையில் சிறந்த சோதனை: அணைத்து வைத்தபின் சரியாகி, ஒன்றிரண்டு வாரங்களில் மீண்டும் கெடும் பெட்டியில் கேஸ், கம்ப்ரசர் இரண்டின் மீதும் குற்றமில்லை. ஆனால் மெக்கானிக் வருவதற்கு முந்தைய இரவில் அணைத்துவிடுவது சாட்சியை அழிப்பதாகும். அவர் வந்து பார்க்கும்போது காயில் உலர்ந்திருக்கும், பனியின் வடிவம் போயிருக்கும்; அவருக்கு ஊகம் ஒன்றே மிஞ்சும்.

கரைக்கும் அமைப்பில்தான் குறை என்று உறுதியான பிறகு தேட வேண்டிய இடங்கள் சிலவே: ஹீட்டர், அதனுடன் தொடராக இணைந்த தெர்மல் ஃபியூஸ், சென்சார், இவற்றை இணைக்கும் கனெக்டர்கள், போர்டு. முதலிரண்டும் நேர்மையான பொருட்கள். கெட்டால் முற்றாகக் கெடும். 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டரின் மின்தடை ஏறத்தாழ 350 ஓம் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் அதைக் காட்டினால் நல்லது, எல்லையின்மையைக் காட்டினால் அறுந்தது. ஃபியூஸும் அவ்வாறே. இவற்றில் குழப்பத்துக்கு இடமில்லை.

சென்சார் அப்படிப்பட்டதன்று. அது முற்றாக அறுந்தாலோ குறுக்கே இணைந்துவிட்டாலோ போர்டு அதைக் கண்டுகொண்டு பிழைக்குறி காட்டும். அது பாதியளவு கெடும்போதுதான் இடர். ஆண்டுக்கணக்கில் நாளொன்றுக்குச் சிலமுறை உறைந்தும் உருகியும் வரும் இடத்தில் இருப்பதால், சென்சாரின் மேலுறையில் நுண்ணிய விரிசல் விழுந்து ஈரம் புகுகிறது. அந்த ஈரம் தெர்மிஸ்டருக்குப் பக்கத்தில் இன்னொரு மின்பாதையாக அமைகிறது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகையை எடுத்துக்கொள்வோம். 0 டிகிரியில் அது ஏறத்தாழ 33 கிலோ ஓம் காட்ட வேண்டும். ஈரத்தின் கசிவுப்பாதை 50 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் இணைகோட்டில் சேர்ந்து போர்டு படிப்பது 20 கிலோ ஓம் மட்டுமே. அந்த எண்ணுக்குரிய வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி. அதாவது காயில் இன்னும் உறைநிலையில், பனி உருகத் தொடங்கிய நொடியில் இருக்கும்போதே ‘வேலை முடிந்தது’ என்ற செய்தி போர்டுக்குப் போய்விடுகிறது. கடுங்குளிரில் அந்த ஈரமே உறைந்திருப்பதால் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும்; அப்போது சென்சார் ஏறக்குறையச் சரியான எண்ணையே சொல்லும். பனி உருகும்போதுதான் அதனுள்ளிருக்கும் நீரும் உருகிப் பொய் விழித்துக்கொள்கிறது. நாளின் மற்ற நேரமெல்லாம் நம்பத்தகுந்த சாட்சி, கேள்வி கேட்கப்படும் ஒரே கணத்தில் மட்டும் பிறழ்கிறது. பிழைக்குறி ஏன் வருவதில்லை என்பதற்கும் விளக்கம் இதுவே: 20 கிலோ ஓம் என்பது போர்டின் கண்ணில் முற்றிலும் இயல்பான எண்.

விளைவைக் கணக்கிடவும் முடியும். 150 வாட் ஹீட்டர் 20 நிமிடம் எரிந்தால் 180 கிலோஜூல் வெப்பம் தரும். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும் என்பதால், இழப்பு எதுவும் இல்லையென்று கொண்டாலும் அரைக்கிலோவுக்குச் சற்று மேல்தான் உருகும். அதே ஹீட்டர் 8 நிமிடத்தில் அணைக்கப்பட்டால் 72 கிலோஜூல். உருகுவது இருநூறு கிராமைச் சற்றே தாண்டும். எஞ்சியது மீண்டும் உறையும்போது மென்பனியாக இராமல் கெட்டியான ஐஸாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 50 கிராம் எஞ்சினால், நாளுக்கு இரண்டு சுற்று என்ற கணக்கில் பத்து நாட்களில் ஒரு கிலோ. ‘பத்து நாளுக்கு ஒருமுறை கெட்டுப்போகிறது’ என்று வீட்டுக்காரர் சொல்வது பெட்டியின் மனநிலையைப் பற்றியதன்று. அது ஒரு வளர்ச்சி வீதத்தின் விவரம். மழைக்காலத்தில் அந்த இடைவெளி சுருங்குவதும் அதனாலேயே. காற்றில் ஈரம் மிகுதி.

இனி மெக்கானிக்கின் நிலையைப் பார்க்க வேண்டும். அவர் சென்சாரைக் கழற்றி, 32 டிகிரி வெப்பமுள்ள அறையில் அளக்கிறார். நல்ல சென்சார் அங்கே 7.4 கிலோ ஓம் அளவு காட்டியிருக்கும்; கசிவுள்ளது 6.4 காட்டுகிறது. கையில் அட்டவணை இல்லாதவருக்கு 6.4க்கும் 7.4க்கும் வேறுபாடு இல்லை. ‘ரீடிங் வருகிறது, சென்சார் நன்றாக இருக்கிறது’ என்ற முடிவு அவர் அறிந்த அளவில் நியாயமானது. இரவு முழுதும் வெளியே கிடந்து ஈரம் உலர்ந்துவிட்டால் காலையில் அது உண்மையிலேயே சரியான எண்ணைக் காட்டவும் கூடும். நோயாளி வீட்டில் இருமுகிறார், மருத்துவர் முன் இருமுவதில்லை.

இந்தப் பொய்யை வெளிக்கொணர விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு குவளை நிறைய நொறுக்கிய ஐஸ், அது மூழ்கும் அளவு தண்ணீர், சிறிது நேரம் கலக்கிவிட்டுக் காத்திருத்தல். ஐஸும் நீரும் சேர்ந்திருக்கும் வரை அந்தக் குவளையின் வெப்பநிலை 0 டிகிரி. சமையலறையில் கிடைக்கும் மிகத் துல்லியமான அளவுகோல் அதுவே. கனெக்டர் நனையாமல் சென்சாரின் தலையை மட்டும் அதில் ஐந்து நிமிடம் வைத்து அளந்தால், 33 இருக்க வேண்டிய இடத்தில் 20 நிற்பது மறைக்க முடியாததாகிவிடும். பெட்டியின் மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகே இவை எல்லாம் செய்யப்பட வேண்டும். காயிலின் தகடுகள் கையை அறுக்கும். கத்தியால் ஐஸைக் குத்துபவர் குழாயை ஓட்டையாக்கி, இல்லாத கேஸ் கசிவை உண்டாக்கிவிடுவார். ஐசோபியூட்டேன் நிரப்பிய பெட்டிகளில் அது தீ விபத்துக்கும் வழி. சென்சாரின் எண் சரியாக இருந்து போர்டு மட்டும் தவறாக நடந்துகொண்டால், சென்சார் இருந்த இடத்தில் மதிப்பு அறிந்த ஒரு மின்தடையை இணைத்துப் போர்டு என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பச்சை படிந்த கனெக்டர் ஊசி ஒன்று முழு நாடகத்துக்கும் காரணமாக இருப்பதும் உண்டு. அதை முதலில் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மொழியியல் மாணவர்கள் முதல் பருவத்தில் கற்கும் முறை ஒன்றுண்டு: பல், பால் என்று ஒரே ஒரு ஒலி மட்டும் வேறுபடும் இணைகளை எடுத்து, பொருள் மாறுகிறதா என்று பார்ப்பது. மற்றவை அனைத்தும் மாறாமல் இருப்பதால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. சென்சார், ஹீட்டர், போர்டு மூன்றையும் ஒரே வருகையில் மாற்றிவிடும் மெக்கானிக் இந்த இணையைக் கலைத்துவிடுகிறார். பெட்டி சரியாகிறது, ஆனால் எது காரணம் என்ற அறிவு அவருக்கும் கிடைப்பதில்லை. இருந்தும் அவரை எளிதில் குறை சொல்லிவிட முடியாது. இரண்டாம் முறை வந்தால் பெட்ரோலும் அரை நாளும் அவருடைய செலவு. சென்சாரையும் ஹீட்டரையும் சேர்த்து மாற்றுவது, இரண்டும் மலிவானவை என்ற அளவில், பகுத்தறிவுள்ள காப்பீடுதான். சில ஆயிரம் ரூபாய்ப் போர்டு அந்தக் கணக்கில் வராது.

போர்டு ஏன் முதலில் மாற்றப்படுகிறது என்பதற்குத் தொழில்நுட்பத்தில் விடையில்லை, ஊதிய அமைப்பில் இருக்கிறது. வருகைக் கட்டணம் என்ற பெயரில் சிறுதொகை; மற்றதெல்லாம் மாற்றப்பட்ட உதிரிப்பாகத்தின் விலையோடு ஒட்டிய வருமானம். நோயைக் கண்டறிவதற்குத் தனியே விலை கிடையாது. ஒரு மணி நேரம் செலவிட்டு, ஐஸ்குவளை வைத்து அளந்து, மலிவான சென்சார்தான் குற்றவாளி என்று நிறுவுபவர், ஐந்து நிமிடத்தில் போர்டு போய்விட்டது என்று சொல்பவரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார். வாடிக்கையாளரும் இதற்கு உடந்தை: ‘சும்மா பார்த்ததுக்கா காசு?’ என்று கேட்கும் அதே வீட்டார், கையில் கனமான ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போனால் பேரம் பேசாமல் பணம் தருகின்றனர். பார்த்தலும் உழைப்பு என்பதை ஏற்காத சமூகத்தில் மாற்றுதலே தொழிலாகிவிடும். கட்டுரைக்கு மேற்பார்வையாளர் இட்ட சிவப்புக்கோடுகளின் மதிப்பை அறிந்த ஆய்வாளர்களும் மெக்கானிக்கின் முன் இந்த அறிவை மறந்துவிடுகின்றனர்.

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. காயில் அடைபட்ட பெட்டியில் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டிகளுக்கு 2010 முதல் கட்டாயமான நட்சத்திர முத்திரை எத்தனை நட்சத்திரங்களைக் காட்டினாலும் அந்த மாதத்து மின்கட்டணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதைவிடக் கடுமையானது மருந்து. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டும். கீழறை பகலில் 15 டிகிரி வரை ஏறிய பெட்டியில் இருந்த இன்சுலின், தோற்றத்தில் எந்த மாற்றமும் காட்டாமலே வீரியம் குறையலாம். குளிர்ச்சி போதவில்லை என்று திருகை உச்சத்துக்குத் திருப்பி, மருந்தை ஃபிரீசருக்கு அருகே நகர்த்தி வைப்பவர் மறுபக்க ஆபத்தில் விழுகிறார். திரிந்த பால் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும், இன்சுலின் அறிவிக்காது. பத்து நாளுக்கு ஒருமுறை கெட்டு, இடையில் சரியாகி, மூன்று மெக்கானிக்குகளைக் கண்ட பெட்டி உள்ள வீட்டில் ஒரு நீரிழிவு நோயாளி இருந்தால், அங்கே சென்சாரின் கதை வெறும் உதிரிப்பாகக் கதையன்று.

தீர்வு தொலைவில் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் பின்புறமும் வயரிங் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் சென்சாரின் வெப்பநிலை, மின்தடை அட்டவணை பெரும்பாலும் இருப்பதில்லை. பதினொரு வரி போதும்: கழித்தல் 20இலிருந்து 30 வரை ஐந்து டிகிரிக்கு ஓர் எண். அச்சிடும் செலவு என்று சொல்ல எதுவுமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் குளிர்பதனப் பெட்டிகளுக்கென 2019இல் வகுத்து 2021 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள், வெப்பநிலைச் சென்சாரையும் மின்சுற்றுப் பலகையையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, ஒரு மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது ஏழு ஆண்டுகள் அவை தொழில்முறைப் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்க வேண்டும் என்கின்றன. உதிரிப்பாகத்தோடு நின்றுவிடாமல், அளவீடுகளில் எதிர்பார்க்க வேண்டிய மிகக் குறைந்த, மிக அதிக மதிப்புகளையும், பிழைக்குறிகளின் பொருளையும் தர வேண்டும் என்கின்றன. எண்களும் உதிரிப்பாகங்களே என்ற புரிதல் அந்த விதியில் இருக்கிறது.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது நீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வாகனங்கள் ஆகியவற்றோடு வீட்டு உபயோகப் பொருட்களும் அதன் எல்லைக்குள் வைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையத்தளமும் தொடங்கப்பட்டது. சேவை மையங்களின் முகவரியும் உத்தரவாத விவரமும் ஓரிடத்தில் கிடைப்பது பயனுள்ளதே. ஆனால் முகவரி, வீட்டுக்காரரை நிறுவனத்திடமே திரும்ப அனுப்பும் தகவல். தெருமுனைக் கடைக்காரருக்குத் தேவையானது எண். பெங்களூரின் எஸ்.பி. ரோட்டிலோ மும்பையின் லேமிங்டன் ரோட்டிலோ பொதுவகைத் தெர்மிஸ்டர் வாங்குவது கடினமன்று. தம் கையில் இருக்கும் பெட்டி 5 கிலோ ஓம் வகையை எதிர்பார்க்கிறதா, 10 வகையையா என்பதை அறிவதுதான் கடினம். தவறான வகையைப் பொருத்தினால் புதிய சென்சாரும் பழையதைப் போலவே பொய் சொல்லும்.

நிறுவனங்களின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. எரியக்கூடிய கேஸும் 230 வோல்ட்டும் நீரும் ஒரே இடத்தில் இருக்கும் பொருளை எவரும் திறக்கலாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாதுகாப்பை முன்வைத்து எண்களை மறைப்பதால் பெட்டிகள் திறக்கப்படாமல் போய்விடவில்லை. அவை நாள்தோறும் திறக்கப்படுகின்றன, அட்டவணை இல்லாதவர்களால். அறியாமையோடு திறப்பதைவிட அறிந்து திறப்பது ஆபத்தானது என்று வாதிட எவரும் முன்வந்ததில்லை. தேவையற்ற கேஸ் நிரப்பல்தான் உண்மையில் தீ அருகே செல்லும் வேலை. சென்சாரைச் சரியாகக் கண்டறிவது அதைத் தவிர்க்கிறது.

ஐ.டி.ஐ.களின் குளிர்பதனப் பிரிவு மாணவர்களுக்கான பாடநூல்கள் இந்திய மொழிகளில் வருவது பெரிய காரியம். சென்னை கிண்டியில் உள்ள ‘நிமி’ நிறுவனம் பல பத்தாண்டுகளாக அந்தப் பணியைச் செய்துவருகிறது. அந்த நூல்களுக்கும் தெருக்கடையின் பேச்சுமொழிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. ‘பனிநீக்க உணரி’ என்று பாடநூல் எழுதலாம். கடையில் அது ‘டிஃப்ராஸ்ட் சென்சார்’, ‘காயில் சென்சார்’, அல்லது வெறுமனே ‘உள்ளே மாட்டியிருக்கிற வெள்ளைக் கேப்ஸ்யூல்’. கரையாப் பனி, கட்டிப் பனி, பாதிக் காயில் பனி என்று பனியின் வடிவங்களை வேறுபடுத்தும் சொற்கள் பணியிடத்தில் உருவாகின்றன, பயிற்சிப் பையன்களின் காதுவழிப் பரவுகின்றன, எங்கும் எழுதப்படுவதில்லை. துறைச்சொல் ஆய்வுகள் மீனவர், நெசவாளர், தச்சர் மொழிகளைத் தொகுத்த அக்கறையோடு மின்சாதனப் பழுதுபார்ப்போரின் மொழியையும் தொகுத்தால், அதில் சொற்களோடு கண்டறிதலின் முறையும் கிடைக்கும்.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் நேரடிப் பங்கும் உண்டு. நொதிகளை ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரீசரில் வைக்கக்கூடாது என்று ஆய்வகங்களில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படுகிறது; கரைக்கும் சுற்றின்போது வெப்பநிலை ஏறி இறங்குவதே காரணம். அந்தச் சுற்றை நன்கறிந்த துறைகளிலேயே, ‘கூலிங் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு குளிர்சாதனப் பெட்டிகள் கழிவுப் பட்டியலில் ஏறி, மாடிப்படிக்குக் கீழே ஏலத்துக்காகக் காத்திருக்கின்றன. ஏலத்தில் எடுப்பவர் பின்பலகையைக் கழற்றுகிறார், காயிலைப் பார்க்கிறார், ஒரு சென்சாரை மாற்றுகிறார். அந்தப் பெட்டி அடுத்த தெருவில் ஒரு தேநீர்க் கடையில் பால் பாக்கெட்டுகளுடன் ஓடத் தொடங்குகிறது.